ஸ்லைடர் ஒண்ணு சொல்லுது, கட்டம் வேற சொல்லுது: ஆப்களில் இந்தக் குழப்பம் ஏன்?

வீட்டுக் கடன் கால்குலேட்டரைத் திறக்கிறீர்கள். கடன் 10 லட்சம், வட்டி 9%. ஸ்லைடரை 20 ஆண்டிலிருந்து 15-க்கு இழுத்தாச்சு. ஆனால் பக்கத்துக் கட்டத்தில் இன்னும் 20. கீழே மாதத் தவணை 8,997 ரூபாய். உண்மையில் 15 ஆண்டுக்கான தவணை 10,143 ரூபாய். மாதம் 1,146 ரூபாய் துண்டு விழும்.

எங்கே தப்பு?

ஸ்லைடர், கட்டம், தவணையைக் காட்டும் லேபிள் எல்லாமே 'விட்ஜெட்'. 'எத்தனை ஆண்டு' என்ற தகவல்தான் 'ஸ்டேட்'. ஒவ்வொரு விட்ஜெட்டும் தனக்கென ஒரு நகலை வைத்துக்கொண்டால், ஒன்று மாறியதை மற்ற எல்லாவற்றுக்கும் சொல்லியாக வேண்டும். 3 விட்ஜெட்டுக்கு 6 வழிகள், 5 என்றால் 20. ஒன்றை எழுத மறந்தாலும் போச்சு.

தீர்வு என்ன?

தகவல் ஒரே இடத்தில் இருக்கட்டும்; எல்லா விட்ஜெட்டும் அதையே பார்க்கட்டும். பைத்தானின் டிகின்டரில் இதற்கு 'இன்ட்வார்' இருக்கிறது. ஸ்லைடருக்கும் கட்டத்துக்கும் ஒரே இன்ட்வாரைக் கொடுத்தால், ஒன்றை மாற்றினால் மற்றது தானாக மாறும். அதன் மீது 'டிரேஸ்' போட்டால், ஆண்டு மாறும்போதெல்லாம் தவணையும் புதிதாகக் கணக்கிடப்படும்.

ரியாக்டில் இதே வேலையை வேறு மாதிரி செய்கிறார்கள்: இரண்டு பாகங்களுக்கும் பொதுவான மேல் பாகத்தில் ஸ்டேட்டை வைத்து, அங்கிருந்து கீழே அனுப்புகிறார்கள்.

இது புதுசா?

இல்லை. 1979-லேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிரிக்வே ரீன்ஸ்காக், தகவலையும் திரையையும் பிரிக்கும் 'எம்விசி' முறையை முன்வைத்தார். ஃபேஸ்புக்கும் இதில் அடிபட்டது. புது மெசேஜ் இருப்பதாக எண் காட்டும். திறந்தால் எதுவும் இருக்காது. சரிசெய்தாலும் திரும்பத் திரும்ப வந்தது. 2014-ல் அந்நிறுவனம் அறிமுகப்படுத்திய 'ஃப்ளக்ஸ்', தகவல் ஒரே திசையில்தான் பாயணும் என்றது.

கவனிக்க வேண்டியவை

* கணக்கிட்டுப் பெறக்கூடியதைத் தனியாகச் சேமிக்காதீர்கள். தவணை ஸ்டேட் அல்ல, விடை.
* கட்டத்தை யாராவது காலி செய்தால், இன்ட்வாரைப் படிக்கும்போது பிழை வரும். அதைப் பிடித்துக் கையாளுங்கள்.
* எல்லாவற்றையும் பொதுவில் வைக்க வேண்டாம். ஒரு விட்ஜெட்டுக்கு மட்டும் தேவையானது அங்கேயே இருக்கட்டும்.

ஆப் எழுதாதவர்களும் ஒன்று செய்யலாம்: கடன் ஆப்பில் ஒரு எண்ணை மாற்றியதும், மற்ற எண்கள் எல்லாம் மாறியதா எனப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.