கங்காணியும் கணிப்பொறியும்

உழைத்தவர் யார், அவ்வுழைப்பிற்குப் பொறுப்பேற்றவர் யார் என்னும் வினா, வரலாறு பயில்வோர் மறக்கலாகாத வினாவாகும்.

கிள்ளான் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களுக்கு நம் முன்னோருள் பலர் கங்காணி முறையின்வழி வந்தனர். ஊரில் ஆள் திரட்டியவரும் கங்காணியே. தோட்டத்தில் மேற்பார்த்தவரும் அவரே. வேலைக்கு இறங்கிய தலைகளை எண்ணி அவருக்குக் காசு தரப்பட்டது. துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவே அவர் நின்றமையால், தொழிலாளியின் குறை துரையின் செவியை எட்டுவது அரிதாயிற்று. 1938ஆம் ஆண்டு இந்திய அரசு விதித்த தடையால் அந்த ஆள்திரட்டு நின்றது.

1941ஆம் ஆண்டு ஆர். எச். நாதன் முதலியோர் வழிகாட்டக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். ஊதிய உயர்வை மட்டுமா கேட்டனர்? துரையைக் கண்டதும் மிதிவண்டியினின்று இறங்கும் இழிவு ஒழியவேண்டும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றும் கேட்டனர். நாதன் கைது செய்யப்பட்டார், படை வந்தது, உயிர்களும் பலியாயின.

இன்று உலகெங்கும் புதியதொரு கூலி வேலை தோன்றியுள்ளது. சமூக ஊடகங்களில் ஏறும் கொலைக் காட்சிகளையும் ஆபாசங்களையும் நாள்முழுதும் பார்த்து நீக்குவதே அவ்வேலை. செயற்கை நுண்ணறிவுக்கு நல்லது தீயது பிரித்துக் காட்டுவோரும் இவ்வினத்தவரே. கென்யாவின் நைரோபி நகரில், சாட்ஜிபிடியின் பொருட்டுக் கொடிய வாசகங்களை வகைப்படுத்தியோர் மணிக்கு 2 டாலருக்கும் குறைவாகவே பெற்றனர் என்பதை 2023 ஜனவரியில் டைம் இதழ் வெளிப்படுத்தியது. அவர்களை அமர்த்தியது ஓப்பன்ஏஐ அன்று. சாமா என்னும் இடைநிறுவனம். அவ்வாண்டுத் தொழிலாளர் தினத்தில் அந்நகரில் 150க்கும் மேற்பட்டோர் கூடிச் சங்கம் அமைக்க முடிவு செய்தனர்.

நம் நாடும் இதற்கு விலக்கன்று. 2024 அக்டோபரில் டிக்டாக் நிறுவனம் மலேசியாவில் 500க்குச் சற்றுக் குறைந்த ஊழியரை வேலையினின்று நீக்கியது. அவருள் பெரும்பாலோர் பதிவுகளைச் சரிபார்த்தவர்கள். விதிமீறிய பதிவுகளில் 80 விழுக்காட்டைத் தானியங்கு முறையே அகற்றுவதாக நிறுவனம் கூறியது. ஆனால், இத்தகைய பொறிகள் கற்பதோ மனிதர் முன்பே பார்த்துத் தரம்பிரித்த பதிவுகளிலிருந்துதான். கற்பித்தவர் வெளியேறக் கற்றது நிலைபெறுகிறது.

குளிர்சாதன அறையில் கணிப்பொறி வேலை என்றதும் நம் பெற்றோர் மகிழ்கின்றனர், அம்மகிழ்ச்சி இயல்பே. ஆயினும், வேலை ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் சம்பளம் தருபவர் யார், வேலையின் பயனைப் பெறுபவர் யார், மனம் நொந்தால் மருத்துவச் செலவை ஏற்பவர் யார் என்று கேட்க மாணவர்க்கு நாம் பயிற்சி தருதல் வேண்டும். நமக்குக் கல்வி வேண்டுமென்று 1941இல் கேட்டவர்களுக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது.