காற்றை அழுத்தக் கூலி யார் தருவது? கடலூர்–சிதம்பரம் சாலையை முன்வைத்து டர்போசார்ஜரும் சூப்பர்சார்ஜரும்

மீட்டர்கேஜ் காலத்தில் சிதம்பரம் நிலையத்தில் வண்டிக்குக் காத்து நின்றவர்கள் ஒரு காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். கார்டு பச்சைக்கொடி அசைப்பார். ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சின் ஹாரன் அடித்து நகரத் தொடங்கும்போதே அதன் முதுகிலிருந்து கரும்புகை குபுகுபுவென்று கிளம்பும். ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சில நொடிகளில் புகை மெலியும், எஞ்சினின் குரல் மாறும், அதன் பிறகுதான் வண்டி உண்மையாக இழுக்கும்.

அந்த எஞ்சினுக்குள் இருந்தது ஆறு சிலிண்டர் ஆல்கோ 251 வகை டீசல். ஏறத்தாழ 1,400 குதிரைத்திறன், டர்போசார்ஜர் பொருத்தியது. ஓட்டுநர் கைப்பிடியை ஒரு படி ஏற்றியதும் டீசல் உடனே கூடுதலாகப் பாய்ந்துவிடும். ஆனால் அதை எரிக்க வேண்டிய காற்றை அழுத்தித் தரும் டர்போ அப்போதுதான் சுழல ஆரம்பித்திருக்கும். காற்றில்லாத டீசல் பாதி எரிந்து கரியாக வெளியே வரும். கார்ப் பிரியர்கள் ‘டர்போ லேக்’ என்று சொல்லி அலுத்துக்கொள்ளும் அந்தத் தாமதத்தை இந்தப் பகுதிக்காரர்கள் கார் வாங்குவதற்கு வெகுகாலம் முன்பே கண்ணால் பார்த்திருக்கிறார்கள். 2010இல் விழுப்புரம்–மயிலாடுதுறை பாதை அகலப்பாதையாகத் திறக்கப்பட்டபோது அந்தப் புகையும் போய்விட்டது.

ஓட்டத்திறன் மிக்க ஒரு பெட்ரோல் காருக்கு டர்போ நல்லதா, சூப்பர்சார்ஜர் நல்லதா என்ற விவாதத்தில் இந்தத் தாமதம்தான் முதல் சாட்சியாக நிறுத்தப்படுகிறது. ‘டர்போ பலம் தரும், ஆனால் காத்திருக்க வைக்கும், சூப்பர்சார்ஜர் மிதித்தவுடன் தரும்’ என்பது இன்றும் புழங்கும் தீர்ப்பு. குளிர்நாடுகளில், வேறொரு காலத்து எஞ்சின்களைக் கொண்டு எழுதப்பட்ட தீர்ப்பு அது. கடலூர் போன்ற வெப்பமான, சமதளமான கடற்கரையில் முடிவைத் தீர்மானிப்பது தாமதம் அல்ல, சூடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

இரண்டு கருவிகளும் செய்கிற வேலை ஒன்றுதான். சிலிண்டர் தானாக இழுத்துக்கொள்ளும் காற்றைவிடக் கூடுதலான காற்றைத் திணிப்பது. வேறுபாடு கூலியில் இருக்கிறது. சூப்பர்சார்ஜர் கிராங்க் ஷாஃப்டிலிருந்து பெல்ட் போட்டு எஞ்சினின் கையிலிருந்தே கூலியை வாங்கிக்கொள்கிறது. டர்போவோ சைலன்சர் வழியே வீணாகப் போகவிருந்த புகையின் சூட்டையும் அழுத்தத்தையும் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டின் மறுமுனையில் உள்ள சக்கரத்தால் காற்றை அழுத்துகிறது. இந்த யோசனைக்கு 1905இல் காப்புரிமை பெற்றவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூச்சி. சூப்பர்சார்ஜரின் மூதாதை அதைவிடப் பழையது. 1860இல் அமெரிக்காவின் ரூட்ஸ் சகோதரர்கள் காப்புரிமை பெற்ற ஊதுகருவி அது, காருக்காகச் செய்யப்பட்டதே அல்ல.

இனி நம் ஊர் காற்றுக்கு வருவோம். அக்னி நட்சத்திர நாளில் நிழலிலேயே 40 பாகை செல்சியஸ் இருக்கும். பொறியியல் நூல்கள் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் 15 பாகைக் காற்றோடு ஒப்பிட்டால் இதன் அடர்த்தி 8 விழுக்காடு குறைவு. கடற்கரைப் புழுக்கம் வேறு இருக்கிறது. நீராவி இடம் பிடித்துக்கொள்வதால் ஆக்சிஜன் இன்னும் 3 விழுக்காடு போலக் குறையும். எஞ்சின் பட்டினியோடுதான் கிளம்புகிறது.

இந்தக் காற்றை 1.7 மடங்கு அழுத்துவதாக வைத்துக்கொள்வோம், அதாவது 0.7 பார் பூஸ்ட். எந்தக் கருவியாலும் தவிர்க்க முடியாத வெப்ப உயர்வு மட்டுமே சுமார் 51 பாகை. கருவியின் திறன் குறையக் குறைய அதற்குமேல் சூடு ஏறும். 75 விழுக்காடு திறனுள்ள நல்ல டர்போவிலிருந்து காற்று ஏறக்குறைய 108 பாகையில் வெளிவரும். 55 விழுக்காடு திறனுள்ள பழைய பாணி ரூட்ஸ் கருவியிலிருந்து 133 பாகையில் வரும். ரூட்ஸ் கருவி உண்மையில் தன்னுள் எதையும் அழுத்துவதில்லை. காற்றை வாரி வாரி முன்னால் தள்ளுகிறது, அங்கே ஏற்கெனவே திணிந்திருக்கும் காற்று திரும்பி மோதுவதில்தான் அழுத்தம் உண்டாகிறது. அந்த மோதலே கூடுதல் சூடு. முறுக்கிய நான்கு மடல் ரோட்டர்கள் கொண்ட இக்காலக் கருவிகள் நன்றாகவே முன்னேறியிருக்கின்றன, அவற்றின் சிறந்த நிலையில் திறன் 70 விழுக்காட்டைத் தாண்டுகிறது. ஆயினும் வேகமும் அழுத்தமும் ஏறும்போது அந்த நிலையிலிருந்து சீக்கிரம் விலகிவிடுகின்றன.

108 பாகைக் காற்று அடர்த்தியில் தருவது 1.4 மடங்குதான், 1.7 அல்ல. 133 பாகையில் அது 1.3 ஆகிறது. இன்டர்கூலரால் 60 பாகைக்குக் குளிர்வித்தால் 1.6 மடங்கு கிடைக்கும். எனவே இந்த ஊரில் ‘எத்தனை பார் பூஸ்ட்’ என்று கேட்பதைவிட ‘எஞ்சினுக்குள் நுழையும்போது என்ன சூடு’ என்று கேட்பதுதான் விவரமான கேள்வி. நம் சாதாரண பெட்ரோலின் குறைந்தபட்ச ஆக்டேன் நீண்டகாலம் 91 ஆகவே இருந்தது. சூடான காற்றும் அந்தப் பெட்ரோலும் சேர்ந்தால் எரிபொருள் நேரம் தவறித் தானாக வெடிக்கும் ‘நாக்கிங்’ வரும். அதை உணர்ந்த கணினி தீப்பொறி நேரத்தைப் பின்தள்ளும், காசு கொடுத்து வாங்கிய குதிரைத்திறன் மதிய வெயிலில் காணாமல் போகும். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இதில் ஓரளவு துணை. எத்தனால் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், நாக்கிங்கையும் தாங்கும். மைலேஜ் குறைகிறது என்று எல்லோரும் திட்டுகிற எரிபொருளுக்கு பூஸ்ட் எஞ்சின்காரர்கள் மட்டும் கொஞ்சம் நன்றி சொல்லலாம்.

கூலிக் கணக்கையும் பார்த்துவிடலாம். 200 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்று முழு வேகத்தில் விநாடிக்கு 150 கிராம் அளவில் காற்றை விழுங்கும். மேற்சொன்ன வெப்ப உயர்வை உண்டாக்க நல்ல கருவிக்கு 14, ரூட்ஸ் கருவிக்கு 19 குதிரைத்திறன் வேண்டும். சூப்பர்சார்ஜர் இதை நேராக பெல்ட்டில் பிடித்துக்கொள்கிறது. டர்போவுக்கு எல்லாமே இலவசம் என்பார்கள், அதுவும் சரியல்ல. புகைபோக்கும் வழியில் தடுப்பு வைத்தால் பிஸ்டன் புகையை வெளித்தள்ளக் கூடுதலாக உழைக்க வேண்டும், சூடான எச்சப் புகை சிலிண்டரில் தங்கும். ஆனாலும் வீணாகப் போவதிலிருந்து எடுப்பதும் கையிருப்பிலிருந்து எடுப்பதும் ஒன்றாகிவிடாது. தன் பங்குக்கு சூப்பர்சார்ஜரும் நிதானமான ஓட்டத்தில் பைபாஸ் வால்வைத் திறந்துகொண்டு சும்மா சுற்றும், எப்போதும் தின்றுகொண்டே இருப்பதில்லை.

தாமதத்துக்கு என்ன பதில்? ஒரே வடிவத்தில் அளவு மட்டும் மாறும் சக்கரத்தின் சுழற்சி மந்தம் அதன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் மாறும். விட்டம் பாதியானால் மந்தம் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. ரயில் எஞ்சினின் டர்போ மூச்சு வாங்கியதற்கும், உள்ளங்கையில் அடங்கும் கார் டர்போ சட்டென்று விழித்துக்கொள்வதற்கும் காரணம் இதுதான். ஸ்ரீபெரும்புதூரில் ஹூண்டாய் தயாரிக்கும் ஐ20 என் லைனின் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் 172 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே எட்டி 4,000 வரை பிடித்து நிறுத்துகிறது.

இதைச் சாலையில் வைத்துப் பார்க்க வேண்டும். கடலூர் முதுநகர் தாண்டி, சிப்காட் கடந்து, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக பி.முட்லூர் வரை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இந்த வழியில் கார் பாய்வதைவிட மட்டுப்படுவதும் மீண்டும் எடுப்பதுமே அதிகம். கரும்பு டிராக்டர், நிறுத்தத்தில் பாதி உடம்பைச் சாலையில் விட்டு நிற்கும் தனியார் பஸ், மீன்கூடை ஏற்றிய மொபெட். மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80க்கு எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்பதே இங்கே ‘பெர்ஃபார்மன்ஸ்’. நம் மெக்கானிக்குகள் இதை ‘பிக்கப்’ என்ற ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். அந்த வேகத்தில் எஞ்சின் ஏறக்குறைய 2,000 சுற்றில் இருக்கும். சிறிய டர்போ ஏற்கெனவே விழித்திருக்கும் இடம் அது. முந்நூறு குதிரைத்திறன் ஆசையில் பெரிய டர்போவை மாட்டியவருக்கு அந்த இடத்தில் ஒன்றும் கிடைக்காது. கிடைக்கும்போது எதிரே லாரி வந்திருக்கும். பிழை டர்போவுடையது அல்ல, அளவுடையது.

சூப்பர்சார்ஜர் என்றாலே உடனடி இழுவை என்பதும் பாதி உண்மைதான். ரூட்ஸ் வகைக்கும், பிணைந்து சுழலும் திருகுகளால் காற்றை நெருக்கும் ஸ்க்ரூ வகைக்கும் அது பொருந்தும். பெல்ட்டால் சுற்றும் மையவிலக்கு வகைக்குப் பொருந்தாது, ஏனெனில் அதன் அழுத்தம் சுற்றின் இருமடியில் ஏறும். 1950இல் பந்தயத்துக்கு வந்த பிரிட்டனின் பிஆர்எம் வி16 காரில் ரோல்ஸ்-ராய்ஸ் வடிவமைத்த இருகட்ட மையவிலக்கு சூப்பர்சார்ஜர் இருந்தது. 1.5 லிட்டர் எஞ்சினில் ஓசையும் பலமும் அபாரம். பலம் முழுதும் உச்சிச் சுற்றில் குவிந்து, ஓட்டுநர் மிதிக்க மிதிக்கச் சக்கரம் வழுக்கிக்கொண்டே போனது. இன்று கடைகளில் ‘போல்ட் போட்டால் போதும்’ என்று விற்கப்படும் சூப்பர்சார்ஜர் கிட்டுகளில் இந்த மையவிலக்கு வகையும் இருப்பதால் வாங்குபவர் எது தன் கைக்கு வருகிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பந்தயத்தடம் என்றால் என் தீர்ப்பு தளரும். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள சென்னைப் பந்தயத்தடம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள். வளைவின் நடுவில் காலைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தும்போது எஞ்சின் அதே அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தர வேண்டும். திடீரென்று வந்து சேரும் பூஸ்ட் காரைச் சுழற்றிவிடும். இந்த நேர்க்கோட்டு ஒழுக்கம் ரூட்ஸ், ஸ்க்ரூ வகை சூப்பர்சார்ஜர்களுக்கு இயல்பாகவே உண்டு. ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் நடத்திய போலோ ஆர் கோப்பைப் பந்தயத்தின் கார்கள் ஓடியது 180 குதிரைத்திறன் தரும் 1.4 லிட்டர் டிஎஸ்ஐ எஞ்சினில். அதில் கீழ்ச்சுற்றுக்கு சூப்பர்சார்ஜர், மேல்சுற்றுக்கு டர்போ என்று இரண்டும் இருந்தன. 1985இல் லான்சியா டெல்டா எஸ்4 ராலிக் காரில் காட்டிய வழி அது. இரண்டு கருவி, இரண்டு விதக் குழாய், காந்தக் கிளட்ச் என்று செலவும் சிக்கலும் கூடின. சிறிய டர்போக்கள் கெட்டிக்காரத்தனம் கற்றுக்கொண்டதும் ஃபோக்ஸ்வாகனே அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது. 2014இல் பார்முலா ஒன்றுக்குத் திரும்பி வந்த டர்போ, தன் தண்டிலேயே ஒரு மின்மோட்டாரைக் கோத்துக்கொண்டு தாமதத்தைத் தீர்த்தது.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு டர்போவின் சொந்தச் சூடு. முழு வேகத்தில் ஓடிய பெட்ரோல் எஞ்சினில் டர்பைன் பக்கம் 900 பாகையைத் தொடும். கடலூரில் ஒரு பட்டறையில் கழற்றி வைத்த டர்போ ஒன்றைப் பார்த்தேன். மெக்கானிக் அதன் தண்டை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினார். துளியளவு ஆட்டம் இருந்தது. பேரிங்குக்குப் போகும் ஆயில் குழாயின் வாயில் நகத்தால் சுரண்டினார். கறுத்த, உடையும் பொருக்கு ஒன்று வந்தது. “ஆயில் வெந்து கரியாயிடுச்சு சார். வேகமா வந்து நின்னதும் சாவியத் திருப்பிடறாங்க. ஒரு நிமிஷம் ஓடட்டும்னு சொன்னா யாரும் கேக்கறதில்ல” என்றார். எஞ்சின் நின்றால் ஆயில் ஓட்டம் நிற்கும், டர்பைனின் சூடு மட்டும் தண்டு வழியே பேரிங்குக்கு வந்துகொண்டிருக்கும். இப்போதைய கார்களில் பேரிங்கைச் சுற்றித் தண்ணீர் ஓடுவதால் ஆபத்து குறைந்திருக்கிறது, ஆனால் பின்னால் மாட்டிய மலிவு கிட்டுகளில் அது இருக்கும் என்று நம்ப முடியாது. சூப்பர்சார்ஜரில் இந்தத் தொல்லை இல்லை. தனக்கென்று மூடிய ஆயிலில் ஓடும், பெல்ட்டை மாற்றினால் போதும். வெளியூர் உதவியில்லாமல் பழுது பார்க்கவும் எளிது.

இன்னொரு மறுப்பும் உண்டு. இன்டர்கூலர் வேலை செய்வது கார் ஓடும்போது. சிதம்பரம் தேர்வீதிகளில் ஆனித் திருமஞ்சன நெரிசலில் ஊர்ந்து கொண்டிருந்தால் பம்பருக்குப் பின்னால் உள்ள அந்த அலுமினியப் பலகையும் சூடாகிவிடும், வெளியே வந்து முதல் மிதிக்கு எஞ்சின் மந்தமாகவே பதில் சொல்லும். தண்ணீரால் குளிர்விக்கும் இன்டர்கூலர் உள்ள சூப்பர்சார்ஜருக்கும் இதே கதிதான். தண்ணீர் ஒருமுறை சூடேறினால் தணிய இன்னும் நேரம் எடுக்கும். பி.முட்லூர் திரும்பி நெடுஞ்சாலைக் காற்று படத் தொடங்கினால் காற்று இன்டர்கூலர் ஒன்றிரண்டு நிமிடத்தில் தேறிவிடும். ஆகவே இந்த வழித்தடத்தில் ஓட்டுவதற்கு நான் தேர்ந்தெடுப்பது சிறிய டர்போ, 0.7 பாருக்கு மேல் போகாத பூஸ்ட், அதன் தேவையைவிட ஒரு அளவு பெரிய இன்டர்கூலர். மாதம் ஒருமுறை இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் வளைவுகளில் ஓட்டுவதற்கென்றே கார் வைத்திருப்பவர் ஸ்க்ரூ வகை சூப்பர்சார்ஜரை எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் மே மாதத்தில் பந்தயத்தட ஓட்டத்தை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளட்டும்.