ஃபிராங்கன்ஸ்டைனை எழுதியது யார்? ஒரு படமும் இரண்டு நோட்டுப் புத்தகங்களும்

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயிலில் வெளியே போக முடியவில்லை. பதினோராம் வகுப்பு படிக்கும் மகளோடு உட்கார்ந்து 'மேரி ஷெல்லி' படம் பார்த்தேன். 2017இல் வந்த படம், மேரியாக நடித்தவர் எல் ஃபேனிங். இயக்கியவர் ஹைஃபா அல் மன்சூர், சவூதி அரேபியாவின் முதல் பெண் இயக்குநர். இதற்கு முன் 'வஜ்தா' எடுத்தபோது, ரியாத் தெருவில் ஆண்களோடு சேர்ந்து நின்று வேலை பார்க்க முடியாமல், வேனுக்குள் உட்கார்ந்து வாக்கி டாக்கியில் இயக்கியவர். அவர் ஏன் மேரியின் கதையைத் தேர்ந்தெடுத்தார் என்று படம் பார்த்தால் புரியும்.

படத்தின் கடைசியில் ஒரு காட்சி. ஃபிராங்கன்ஸ்டைன் நாவல் பெயரில்லாமல் வெளிவந்திருக்கிறது. எல்லோரும் அதை எழுதியது கவிஞர் பெர்சி ஷெல்லிதான் என்று நினைக்கிறார்கள். மேரியின் அப்பாவுடைய புத்தகக் கடையில் ஒரு கூட்டம். பெர்சி எழுந்து, இது என்னுடையது இல்லை, மேரியுடையது என்று எல்லோர் முன்னாலும் சொல்கிறார். மேரி கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

படம் முடிந்ததும் மகள் கேட்டாள்: "அப்பா, கடைசில அந்த ஆளு நிஜமாவே எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னானாப்பா?"

"தெரியலைம்மா, பார்த்துச் சொல்றேன்" என்றேன். பார்த்ததில் ஒரு மாதம் போய்விட்டது. அந்த ஒரு மாதத்துக் குறிப்புகள்தான் இந்தப் பதிவு.

காதல் கதை, தேதிகளோடு

மேரி பிறந்தது 1797 ஆகஸ்ட் 30, லண்டனில். அம்மா மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட், பெண்களின் உரிமைகளுக்காக 1792இலேயே புத்தகம் எழுதியவர். பிரசவத்துக்குப் பிறகு வந்த காய்ச்சலில், மகள் பிறந்து பதினோராவது நாள் இறந்துபோனார். அப்பா வில்லியம் காட்வின், திருமணம் என்ற ஏற்பாடே தப்பு என்று எழுதிய தத்துவவாதி. 1801இல் அவர் மறுமணம் செய்துகொண்டார். சித்தியோடு வந்த மகள்தான் கிளேர்.

பெர்சி ஷெல்லி பணக்கார வீட்டுப் பிள்ளை. நாத்திகம் பற்றித் துண்டுப் பிரசுரம் போட்டதற்காக 1811இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து நீக்கப்பட்டவர். அதே வருடம் ஹாரியட் என்ற 16 வயதுப் பெண்ணோடு ஓடிப்போய்க் கல்யாணமும் செய்தவர். காட்வினின் ரசிகராக அந்த வீட்டுக்குள் வந்தார். படத்தில் இருவரும் ஸ்காட்லாந்தில் சந்திப்பதாக வரும். உண்மையில் காதல் வளர்ந்தது லண்டனில், செயின்ட் பாங்க்ராஸ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்தில். மேரியின் அம்மா புதைக்கப்பட்ட இடம் அது. அம்மாவின் கல்லறைப் பக்கம் உட்கார்ந்து புத்தகம் படிப்பது மேரியின் வழக்கம்.

1814 ஜூலை 28 விடியற்காலையில் இருவரும் பிரான்சுக்கு ஓடிப்போனார்கள். கிளேரும் கூடவே போனார். மேரிக்கு 16 வயது, பெர்சிக்கு 21. ஹாரியட் அப்போது இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தார். போகிற வழியில் பெர்சி ஹாரியட்டுக்கு ஒரு கடிதம் போட்டார்: நீயும் இங்கே வந்து எங்களோடு இரு என்று! அவர் இதைக் கிண்டலாக எழுதவில்லை, நிஜமாகவே அப்படி நம்பினார். அதுதான் பயமாக இருக்கிறது.

ஆறே வாரத்தில் காசு தீர்ந்து ஊர் திரும்பினார்கள். கல்யாணமே தேவையில்லை என்று எழுதிய அப்பா, மகளைப் பார்க்க மறுத்துவிட்டார். ஆனால் பெர்சியிடம் பணம் கேட்பதை மட்டும் நிறுத்தவில்லை. இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம், என் வீட்டிலும் 16 வயதில் ஒருத்தி இருக்கிறாள் என்று நினைத்தபோது சிரிப்பு போய்விட்டது. புத்தகத்தில் எழுதுவது வேறு, நம்ம வீட்டு வாசலில் நடப்பது வேறு.

1815 பிப்ரவரி 22 அன்று மேரிக்குக் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மார்ச் 6 காலையில் பார்த்தால் உயிர் இல்லை. படத்தில், கடன்காரர்களுக்குப் பயந்து இரவில் மழையில் ஓடியதால் குழந்தை இறந்ததாகக் காட்டுவார்கள். குழந்தைக்கு கிளாரா என்று பெயரும் வைத்திருப்பார்கள். உண்மையில் கிளாரா மேரியின் மூன்றாவது குழந்தை. இந்த முதல் குழந்தைக்கு என்ன பெயர் என்று எந்தப் பதிவும் இல்லை. இரண்டு வாரம் கழித்து மேரி நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதுகிறார். குழந்தை சாகவில்லை, குளிரில் விறைத்துதான் போயிருந்தது, கணப்பு அருகே வைத்துத் தேய்த்தோம், பிழைத்துக்கொண்டது, இதுதான் கனவு. செத்த உடலுக்கு உயிர் கொடுக்கும் நாவலின் விதை எது என்று பெரிய ஆராய்ச்சிகள் நடக்கின்றன. எனக்கு இந்தக் கனவே போதும் என்று தோன்றுகிறது.

கோடை வராத வருடம்

அடுத்து நடந்தது பலருக்கும் தெரிந்த கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை வெடித்தது. அந்தச் சாம்பலும் கந்தகமும் வானத்தில் பரவி, 1816இல் ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. ஜெனிவா ஏரிக்கரையில் மழைக்கு அடைபட்டுக் கிடந்தவர்கள் ஐந்து பேர்: பைரன், அவருடைய டாக்டர் பாலிடோரி, பெர்சி, கிளேர், மேரி. ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்றார் பைரன். அதிலிருந்து வந்தது ஃபிராங்கன்ஸ்டைன். அதே போட்டியின் தொடர்ச்சியாகப் பாலிடோரி எழுதிய 'வாம்பயர்' கதை 1819இல் பத்திரிகையில் வந்தபோது, பைரன் பெயரைப் போட்டுவிட்டார்கள். அந்த வீட்டிலிருந்து வந்த இரண்டு முக்கியமான கதைகளும் வேறொருவர் கணக்கில் போயின என்பதைக் கவனியுங்கள்.

அதிகம் பேசப்படாதது அதற்கு அடுத்த ஒன்பது மாதம். ஜெனிவாவில் இருந்தபோதே மேரி கையில் வில்லியம் என்ற கைக்குழந்தை. இங்கிலாந்து திரும்பி நாவலை எழுதிக்கொண்டிருக்கும்போது, அக்டோபர் 9 அன்று அக்கா ஃபேனி தற்கொலை செய்துகொள்கிறார். டிசம்பர் 10 அன்று ஹாரியட்டின் உடல் லண்டன் செர்பன்டைன் ஏரியில் கிடைக்கிறது. அதற்கு இருபது நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று மேரிக்கும் பெர்சிக்கும் தேவாலயத்தில் கல்யாணம். காட்வினுக்கு இப்போது மகிழ்ச்சி! ஜனவரியில் பைரனின் குழந்தையைக் கிளேர் பெற்றெடுக்கிறார். மார்ச்சில், ஹாரியட்டின் பிள்ளைகளைப் பெர்சியிடம் தர முடியாது என்கிறது நீதிமன்றம். இவ்வளவுக்கும் நடுவில், மறுபடி வயிற்றில் குழந்தையோடு, ஒரு 19 வயதுப் பெண் நாவலை எழுதி முடிக்கிறார்.

யார் எழுதினார்கள்?

சரி, மகளின் கேள்விக்கு வருவோம்.

1818 ஜனவரி 1 அன்று நாவல் மூன்று பாகங்களாக, 500 பிரதிகள் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இல்லை. முன்னுரையை எழுதியவர் பெர்சி, அதுவும் தானே நாவலாசிரியர் என்ற தோரணையில். புத்தகம் காட்வினுக்குச் சமர்ப்பணம், பெர்சியோ காட்வினின் சீடர் என்று ஊருக்கே தெரியும். அதனால் பெர்சிதான் எழுதியிருக்க வேண்டும் என்று வால்டர் ஸ்காட் போன்ற பெரிய எழுத்தாளரே மதிப்புரையில் முடிவு செய்துவிட்டார். அதைப் படித்த மேரி, 1818 ஜூனில் இத்தாலியிலிருந்து ஸ்காட்டுக்குத் தானே கடிதம் போட்டார்: எழுதியது நான்.

ஆக, படத்தில் பெர்சி செய்வதாகக் காட்டியதை, நிஜத்தில் செய்தது மேரி. ஒரே ஒருவருக்கு, ஒரு தனிக் கடிதத்தில். கடையில் கூட்டமும் இல்லை, பேச்சும் இல்லை. மேரியின் பெயரோடு இரண்டாம் பதிப்பைக் காட்வின் கொண்டுவந்தது உண்மைதான். ஆனால் அது 1823இல். பெர்சி அதற்கு முந்தைய வருடம் ஜூலை 8 அன்றே இத்தாலியில் படகு கவிழ்ந்து இறந்துவிட்டார்.

அப்படியானால் நாவலில் பெர்சியின் பங்கு எவ்வளவு? இங்கேதான் என் தொழில் உதவிக்கு வந்தது. மேரியின் கையெழுத்து வரைவு இரண்டு நோட்டுப் புத்தகங்களில் எழுதப்பட்டது. அதில் பெரும்பகுதி இன்று ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. 2013 முதல் 'ஷெல்லி காட்வின் ஆர்க்கைவ்' என்ற இணையதளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். எந்தச் சொல் யார் கையெழுத்து என்று எக்ஸ்எம்எல்லில் குறித்து வைத்திருக்கிறார்கள். மேரி எழுதியதை மட்டும், பெர்சி எழுதியதை மட்டும் தனித்தனியாகக் காட்டச் சொல்லலாம். எங்கள் மொழியில் சொன்னால், இருநூறு வருடப் பழைய நாவலுக்கு 'கிட் பிளேம்'! இரண்டு ராத்திரி தூங்காமல் இதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்த வரைவை அச்சில் கொண்டுவந்த பேராசிரியர் சார்லஸ் ராபின்சன் கணக்குப்படி, ஏறக்குறைய 72,000 சொற்கள் கொண்ட நாவலில் பெர்சியின் சொற்கள் குறைந்தது 4,000 முதல் 5,000. நூற்றுக்கு ஆறு, ஏழு. பெரும்பாலும் எளிய சொல்லை எடுத்துவிட்டுக் கனமான லத்தீன் வாடைச் சொல்லைப் போடுவது, வாக்கியத்தைச் செதுக்குவது. ஓரிடத்தில் மேரியின் எழுத்துப்பிழையைத் திருத்திவிட்டு, பக்க ஓரத்திலேயே செல்லப்பெயர் சொல்லிக் கொஞ்சியிருக்கிறார். கோட் ரிவ்யூவில் யாரும் அப்படிக் கமென்ட் போட்டு நான் பார்த்ததில்லை.

கடைசி வாக்கியத்திலும் அவர் கை பட்டிருக்கிறது. மேரியின் வரைவில், கதை சொல்லும் வால்டன் இருட்டில் அந்த உருவத்தைத் தன் பார்வையிலிருந்து தவறவிடுகிறார். அச்சில் அந்த உருவமே இருட்டில் தொலைந்துபோகிறது. சின்ன மாற்றம்தான். ஆனால் மேரி எழுதியபடி படித்தால், அது இன்னும் எங்கேயோ இருக்கிறது, நம் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. எனக்கு மேரியின் வடிவமே பிடித்திருக்கிறது.

இந்த ஆறு, ஏழு சதவீதத்தை வைத்து, நாவலே பெர்சியுடையது என்று 2007இல் ஒருவர் முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அந்த வாதம் நிற்காது. கதை, அமைப்பு, அந்தப் படைப்பின் தனிமை எல்லாம் மேரியின் கையெழுத்தில்தான் ஓடுகின்றன. 1831 பதிப்பின் முன்னுரையில் மேரியே இதைச் சொல்கிறார்: எழுதத் தூண்டியவர் பெர்சி, ஆனால் கதையில் ஒரு சம்பவத்தைக்கூட அவர் தரவில்லை.

கணக்கு நேரானது எப்படி

1818 செப்டம்பரில் வெனிஸில் கிளாரா இறந்தாள். 1819 ஜூனில் ரோமில் வில்லியம். அந்த வருடம் நவம்பரில் பிறந்த பெர்சி ஃபிளாரன்ஸ் மட்டும்தான் தங்கினான். 24 வயதில் விதவை. மாமனார் சர் திமதி, பேரனுக்குப் பணம் தர ஒரு நிபந்தனை போட்டார்: என் மகனின் வாழ்க்கை வரலாற்றை எழுதக் கூடாது.

மேரி எழுதவில்லை. 1839இல் பெர்சியின் கவிதைகளை நான்கு தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஒவ்வொரு காலக் கவிதைகளுக்கும் நீளமான குறிப்புகள்: எங்கே இருந்தோம், என்ன நடந்தது, எந்த மனநிலையில் இது எழுதப்பட்டது. வரலாறு என்ற பெயர் மட்டும்தான் இல்லை. உயிரோடு இருந்தபோது பெர்சிக்கு வாசகர்கள் மிகக் குறைவு. இன்று பாடப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறதென்றால், கிறுக்கலான தாள்களிலிருந்து அவர் கவிதைகளைப் பொறுக்கித் தொகுத்த மேரிக்கு அதில் பெரும் பங்கு உண்டு. தன் நாவலுக்கு யார் பெயரைச் சொன்னார்களோ, அவர் பெயரை மேரியே நிலைநிறுத்தினார்.

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். "அப்போ அவன் சொல்லவே இல்லையா? சும்மாவே இருந்துட்டானா?" என்றாள்.

பெர்சிக்காகக் கொஞ்சம் வாதாடினேன். பெயர் போடாமல் வெளியிடுவது அந்தக் காலத்தில் சாதாரணம். ஸ்காட்டே தன் நாவல்களைப் பெயரில்லாமல்தான் வெளியிட்டார். இவர்களைச் சுற்றி அவ்வளவு வசைப்பேச்சு இருந்தது. சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே குரல் இறங்கிவிட்டது.

காரணம் வேறு. பதினைந்து வருடம் முன்பு, நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், உடன் வேலை பார்த்த ஒரு பெண் ஒரு முழு வடிவமைப்பையும் தனியாகச் செய்தார். நான் சில பெயர்களை மாற்றினேன், ஆவணத்தின் ஆங்கிலத்தைச் சரிசெய்தேன். நூற்றுக்கு ஆறு, ஏழு இருக்கும். மீட்டிங்கில் விளக்கியது நான். முடிந்ததும் மேலதிகாரி "நல்ல டிசைன்ப்பா" என்று என் தோளைத் தட்டினார். நான் சிரித்தேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை, சும்மாதான் இருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

படத்தில் வரும் அந்தக் கடைக் காட்சி பொய் என்று தெரிந்த பிறகும், ஹைஃபா அல் மன்சூர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நடந்திருக்க வேண்டியதை எடுத்திருக்கிறார். அந்தப் பழைய சக ஊழியருக்குப் போன வாரம் ஒரு மெயில் அனுப்பினேன். அன்றைய மேலதிகாரியின் முகவரியையும் சேர்த்தே போட்டேன். பதில் இன்னும் வரவில்லை. வராவிட்டாலும் சரிதான்.