கருணாபுரமும் ஆய்க்குடியும்

2024 ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரைக் குடித்தது. ஈரல் அந்நஞ்சை ஃபார்மிக் அமிலமாக்க, அது கண் நரம்பைத் தாக்கும். பிழைத்தோருள்ளும் சிலர் பார்வையிழந்தனர். இறந்தோர் குடும்பத்துக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தது. பொருள் பசியாற்றும், மருந்து வாங்கித் தரும். கண்ணிழந்தவர் கோலூன்றி நடக்கப் பழகவும், அவரைக் காக்கும் மனைவி சற்றே இளைப்பாறவும் வேண்டுவது அபயதானம் அன்றோ?

தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அது நிகழ்ந்தது. 1975இல் கடற்படைத் தேர்வின்போது வீழ்ந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர் பொறியியல் மாணவர் இராமகிருஷ்ணன். ஊனமுற்றோர்க்கான பன்னாட்டு ஆண்டாகிய 1981இல் தம் ஊரிலேயே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். ‘அமர்’ என்பது தமக்கு மருத்துவம் செய்த அமர்ஜித் சிங் சாகலின் பெயர், நன்றி மறவாமை! முதலில் ஒரு கீற்றுக்கொட்டகை, சில குழந்தைகள். பின்னர்ச் சிற்றூர்களில் வீடு தேடிச் சென்ற பணியாளர்கள், குழந்தைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் பயிற்சி அளித்தனர்.