ஹேக்லி மாளிகையின் மெழுகுவத்தித் தாங்கிகள்

பொன்முலாம் பூசிய பழைய மெழுகுவத்தித் தாங்கிகளைக் காணும்போது, செல்வச் செருக்கின் அடையாளம் என்றே நாம் முடிவுகட்டிவிடுகிறோம். ஆனால் அவை இருளுக்கு எதிரான கருவிகளும்கூட. இங்கிலாந்தில் 1709 முதல் 1831 வரை மெழுகுவத்திக்கு வரி இருந்தது. ஏழைகள் கொழுப்புத் திரியின் புகையில் வாழ்ந்தனர். தேன்மெழுகு வத்தி செல்வர்க்கே உரியதாயிற்று. கிடைத்த சிற்றொளியைப் பெருக்கிக் காட்டவே செதுக்கிய மரத்தின்மேல் சுண்ணப்பொடியும் விலங்குப் பசையும் கலந்து பல முறை பூசி, அதன்மேல் தங்க ரேக்கு ஒட்டி, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். சுடர் அசையும்போது செதுக்கலின் ஒவ்வொரு வளைவும் அசைந்தது.

வூஸ்டர்ஷையரில் ஜார்ஜ் லிட்டெல்டன் பிரபு 1754க்கும் 1760க்கும் இடையில் கட்டிய ஹேக்லி மாளிகைக்கென அத்தகைய தாங்கிகள் நான்கு செய்யப்பட்டன. பைன் மரத்தில் பின்னிப் பிணைந்த டால்பின்கள், நீர் சொட்டும் பாறைகள், கிளை விரிக்கும் விளக்குக் கைகள். லண்டன் மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் ஜான்சனின் கைவண்ணம் இவை என்பது அறிஞர் கருத்து. அவர் வெளியிட்ட வடிவமைப்பு நூலில் இதையொத்த வரைபடம் உண்டு.

மாளிகைக்குப் பிரபுவின் பெயர் நிலைத்தது. செதுக்கியவர்களில் பெரும்பாலோர் பெயரின்றி மறைந்தனர். ஜான்சனோ 1793இல் தம் வாழ்க்கையையே அச்சிட்டார். இன்று அத்தாங்கிகள் பிரிந்து, லண்டன், பிலடெல்பியா உள்ளிட்ட இடங்களின் அருங்காட்சியகங்களில் மின்னொளியில் நிற்கின்றன. செதுக்கியவரின் பெயரை நாம் அறிவோம். அவர் மனத்தில் கண்ட ஒளியை மட்டும் அங்கே காண முடிவதில்லை.