நுண்ணுயிர்வழி எண்ணெய் மீட்பு

வற்றிய எண்ணெய்க் கிணறுகளின் பாறைக்குள் எஞ்சியிருக்கும் கச்சா எண்ணெயை நுண்ணுயிரிகளின் செயலால் இளக்கி வெளிக்கொணரும் முறை, நுண்ணுயிர்வழி எண்ணெய் மீட்பு எனப்படும். வற்றிய கிணறு என்பது எண்ணெய் தீர்ந்த கிணறு அன்று. நிலத்தடி அழுத்தத்தால் தானே மேலெழுந்த எண்ணெயும், நீரைச் செலுத்தி உந்தி எடுத்த எண்ணெயும் போக, பல வயல்களில் தொடக்க இருப்பின் பாதிக்கும் மேற்பட்ட பங்கு பாறையிலேயே தங்கிவிடுகிறது. நீருக்கும் எண்ணெய்க்கும் இடையிலான இழுவிசை, மணற்கல்லின் நுண்துளைகளுக்குள் எண்ணெயைத் துளித்துளியாகப் பிடித்து வைத்திருப்பதும், செலுத்தப்படும் நீர் முன்பே எண்ணெய் நீங்கிய அகன்ற வழிகளைத் தேடி ஓடிவிடுவதுமே இதற்குக் காரணம்.

இப்பணிக்கு நுண்ணுயிரிகளைப் பயன்படுத்தலாம் என்ற கருத்தை 1926-இல் பெக்மன் முன்வைத்தார். கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்தில் கிளாடு சோபெல் 1940-களில் நடத்திய ஆய்வுகளே அதற்கு அறிவியல் அடிப்படை தந்தன. 1954-இல் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், குளோஸ்டிரிடியம் இனப் பாக்டீரியாவும், அதற்கு உணவாகச் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகும் ஓர் எண்ணெய் வயலுக்குள் செலுத்தப்பட்டு, கள ஆய்வு நிகழ்ந்தது.

எண்ணெயை விடுவிப்பவை நுண்ணுயிரிகள் வளரும்போது வெளியிடும் பொருள்களே. அசிட்டிக் அமிலம் போன்றவை சுண்ணாம்புப் பாறையைக் கரைத்துத் துளைகளை அகலப்படுத்த, கார்பன் டை ஆக்சைடு எண்ணெயில் கரைந்து அதன் பாகுத்தன்மையைக் குறைக்கிறது. பேசில்லஸ் சப்டிலிஸ் சுரக்கும் சர்பாக்டின், சோப்பைப் போல இழுவிசையைத் தளர்த்தும் உயிர்ப் பொருளாகும். நீரின் பரப்பு இழுவிசையை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டனிலிருந்து ஏறத்தாழ 27-ஆகக் குறைக்கும் இதன் ஆற்றல் வியப்புக்குரியது. இவற்றுக்கு மாறாக, சில நுண்ணுயிரிகளின் உடல்திரளும் அவை உண்டாக்கும் பசைப்பொருளும் அகன்ற வழிகளை அடைத்து, நீரை எண்ணெய் தங்கிய பகுதிகளுக்குத் திருப்புகின்றன. நீர் வீணே ஓடும் பழைய வயல்களுக்கு இது மிகவும் பொருந்தும்.

இம்முறையை ஒரே கிணற்றில் கையாளும்போது, நுண்ணுயிரிக் கலவையையும் ஊட்டப்பொருளையும் செலுத்தி, அவை பெருகும்வரை சில வாரங்கள் கிணற்றை மூடிவைத்து, பின்னர் அதே கிணற்றின் வழியே எண்ணெயை எடுப்பர். பாறைக்குள் முன்பே வாழும் நுண்ணுயிரிகளுக்கு ஊட்டம் மட்டும் அளித்து அவற்றைப் பெருக்குவதும் உண்டு. இந்தியாவில் எண்ணெய், இயற்கை எரிவாயுக் கழகமும் ஆற்றல், வளங்கள் துறை ஆய்வு நிறுவனமான டெரியும் இணைந்து, 90 டிகிரி செல்சியஸ் வெப்பத்தையும் தாங்கும் நுண்ணுயிரிக் கலவைகளை உருவாக்கின. இவை குஜராத்தின் எண்ணெய் வயல்களில் பயன்படுத்தப்பட்டுள்ளன.

கழிவுப்பாகு மலிவானது; பெரும்பாலும் முன்பே உள்ள செலுத்துகருவிகளே இம்முறைக்குப் போதும். எனினும் மிகு வெப்பமும் மிகு உப்பும் நுண்ணுயிரிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றன. துளைகள் மிகக் குறுகிய பாறைக்குள் அவை புகவே இயலாது. சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் உடன் பெருகினால், நச்சுத்தன்மை மிக்க ஹைட்ரஜன் சல்பைடு வாயு தோன்றி, குழாய்களை அரித்து, எண்ணெயின் தரத்தையும் கெடுக்கும். நைட்ரேட் உப்பைச் செலுத்தி வேறு பாக்டீரியாக்களை ஓங்கச் செய்து இதைக் கட்டுப்படுத்துவர். ஒரு வயலில் பயன் தந்த கலவை மற்றொரு வயலில் பயனற்றுப் போகக்கூடும் என்பதால், அந்தந்த வயலின் பாறையையும் நீரையும் எண்ணெயையும் ஆய்வகத்தில் சோதித்த பின்னரே இம்முறையைக் கையாள வேண்டும்.