வறுமையில் வேர்கொண்ட நோய்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களை ஒரு கொடிய நோய் வாட்டியது. வெயில் படும் இடங்களில் தோல் கருகி உரியும். வயிற்றோட்டம் உடலை உருக்கும். ஈற்றில் அறிவும் மயங்கும். பெலாக்ரா என்னும் அந்நோய் கிருமியாற் பரவும் தொற்றுநோய் என்றே மருத்துவர் பலரும் நம்பினர்.

1914 ஆம் ஆண்டில் அதனை ஆராயும் பொறுப்பு, அந்நாட்டுப் பொதுச் சுகாதார சேவையைச் சேர்ந்த மருத்துவர் யோசெப் கோல்ட்பேர்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1874 இல் அன்றைய ஹங்கேரியிற் பிறந்து, இளமையிலேயே பெற்றோருடன் நியூயோர்க்கிற் குடியேறி, பலசரக்குக் கடைக்காரர் ஒருவரின் மகனாக வளர்ந்தவர் அவர்.

மனநோய் வைத்தியசாலைகளையும் அநாதை இல்லங்களையும் பார்வையிட்ட அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. அங்கிருந்தோரிடையே பெலாக்ரா மலிந்திருந்தது. அவர்களோடு நாள்தோறும் பழகிய தாதியரை அது தீண்டவில்லை. தொற்றுநோய் ஆள் பார்த்துத் தொற்றுமா? வேறுபாடு உணவிலேயே இருந்தது. நோயுற்றோர் பெரும்பாலும் உண்டவை சோளமாவும் வெல்லப்பாகும் பன்றிக் கொழுப்புமே.

மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகரின் இரண்டு அநாதை இல்லங்களில், அரசாங்க உதவிப் பணத்தைக் கொண்டு பாலும் முட்டையும் இறைச்சியும் பருப்பும் வழங்கச் செய்தார். நோய் அகன்றது. 1915 இல், விடுதலை பெறும் உறுதிமொழியின்பேரில் முன்வந்த 11 கைதிகளுக்குப் பழைய ஏழை உணவையே கொடுத்தார். 6 பேருக்கு நோய் கண்டது. இன்றைய மருத்துவ அறம் ஒப்பாத சோதனை அது.

அப்போதும் ஐயம் தீராதோர் இருந்தனர். ஆகவே 1916 இல் நோயாளியின் இரத்தத்தைத் தம் உடலில் ஏற்றினார். நோயாளரின் தோற்செதில்களை மாவிற் பிசைந்து விழுங்கினார். அவர் மனைவி மேரியும் ஊசி ஏற்றிக்கொண்டார். எவருக்கும் பெலாக்ரா வரவில்லை.

பின்னர் பொருளியலறிஞர் எட்கர் சைடன்ஸ்ட்ரிக்கருடன் சேர்ந்து, தென் கரோலினாவின் 7 நெசவாலைக் கிராமங்களில் வீடு வீடாகக் கணக்கெடுத்தார். வருமானம் குறையக் குறைய நோய் மிகுந்தது. தம் நாட்டுப்புறத்தின் வறுமை வெளிப்படுவதைத் தென்பகுதித் தலைவர்கள் சிலர் இழுக்கென்று கருதிச் சினந்தனர்.

மலிவான ஈஸ்ற் இந்நோயைத் தணிக்கும் என்பதையும் அவர் கண்டார். 1927 இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்தபோது, அகதிகளுக்கு அது பகிர்ந்தளிக்கப்பட்டது. 1929 இல், தமது 54 ஆவது வயதில், அவர் காலமானார். உணவிற் குறைந்திருந்த பொருள் நிக்கொட்டினிக் அமிலமே என்பதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சியைக் கொன்ராட் எல்வெஜெம் 1937 இல் வெளியிட்டார். பாலிலும் முட்டையிலும் உள்ள புரதத்தின் ஒரு கூறிலிருந்து நமது உடல் அவ்வமிலத்தைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்பதும் பின்னர் தெளிவாயிற்று.

எனினும் ஜாக்சன் நகர்ப் பிள்ளைகளை நாம் மறத்தலாகாது. உதவிப் பணம் நின்றதும் பழைய உணவு திரும்பியது. அதனுடன் பெலாக்ராவும் திரும்பியது. நோயின் காரணத்தை அறிந்தவர் அருகிலேயே இருந்தார். பால் வாங்கப் பணந்தான் இருக்கவில்லை.